இரண்டாவது பேட்டரிக்கு ஃபியூஸ்: ஒன்று போதுமா, எந்த வகை, எத்தனை ஆம்பியர்?

வண்டியில் பாட்டுக்குப் பெரிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போட்டு, பின்னாடி இன்னொரு பேட்டரியும் வைக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பேட்டரி வாங்கலாம்?" என்றுதான். ஃபியூஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் கிட்டோடு தருவதில் ஒன்று இருக்கும், அதை முன்னாடி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நானும் சில வருடங்களுக்கு முன்பு வரை அப்படித்தான் இருந்தேன்.

ஆடிப்பெருக்கு முடிந்து ஒகேனக்கலிலிருந்து சித்தப்பா மகனின் வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். குழந்தைகளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். மலைப்பாதை ஏறி பென்னாகரம் நெருங்கும்போது பாட்டு சட்டென்று நின்றது. நடு சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. வண்டியை ஓரம் கட்டி எல்லாரையும் இறக்கிவிட்டு, பானெட்டைத் தூக்கிப் பார்த்தோம். முன் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த 100 ஆம்பியர் ஃபியூஸ் அறுந்திருந்தது. சரி, ஃபியூஸ் தன் வேலையைச் செய்துவிட்டது என்று மூச்சு விட்டேன். ஆனால் வேனுக்குள் புகை கூடிக்கொண்டே போனது.

தம்பி கேட்டான், "அண்ணா, ஃபியூஸ்தான் போயிடுச்சே, அப்புறமும் ஏன் புகையுது?"

பின் சீட்டுக்கு அடியில் இருந்த இரண்டாவது பேட்டரிதான் காரணம். பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடி எடுத்து அதன் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் புகை அடங்கியது. மறுநாள் வீட்டில் சீட்டையெல்லாம் கழற்றிப் பார்த்தோம். இரண்டு பேட்டரியையும் இணைத்த பாசிட்டிவ் வயரை நடு சீட்டின் ரெயில் அழுத்தி அழுத்தி, இன்சுலேஷன் கிழிந்து, உள்ளே இருந்த கம்பி பாடியைத் தொட்டிருக்கிறது. தொட்ட இடத்திலிருந்து முன்பக்கம் போன வயர் புதிது மாதிரி இருந்தது. பின்பக்கம் போன இரண்டு மீட்டரும் கார்ப்பெட்டோடு ஒட்டிப்போய், உரிக்க உரிக்கக் கருப்புத் தோலாக வந்தது. ஒரே வயர்தான். ஃபியூஸ் இருந்த பக்கம் பிழைத்தது, இல்லாத பக்கம் வெந்தது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 16 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் இரண்டு மீட்டர் என்றால் அதன் மின்தடை சுமார் 2 மில்லி ஓம். நல்ல நிலையில் இருக்கும் ஒரு கார் பேட்டரி ஷார்ட்டில் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் தள்ளும். தொட்ட இடம் சரியாகப் படியாததால் 600 மட்டும் போனது என்று வைத்துக்கொண்டாலும், அந்த இரண்டு மீட்டரில் 770 வாட் சூடு உண்டாகும். ஒரு இஸ்திரிப் பெட்டியை கார்ப்பெட்டுக்கு அடியில் போட்டு வைத்த மாதிரி. அந்தக் கம்பியின் எடைக்கு விநாடிக்கு ஏறத்தாழ 7 டிகிரி ஏறும். பிவிசி இன்சுலேஷன் இளகக் கால் நிமிடம் போதும். எங்கள் வேனில் இருந்தது அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய வயர். அது இன்னும் வேகமாகச் சூடாகும்.

ஒன்றா, இரண்டா

எனவே முதல் முடிவில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இரண்டு பேட்டரியை இணைக்கும் பாசிட்டிவ் வயருக்கு இரண்டு முனையிலும் மின்சாரம் இருக்கிறது. ஆகவே இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். முன் பேட்டரிக்கு அருகில் ஒன்று, பின் பேட்டரிக்கு அருகில் ஒன்று. கார் ஆடியோக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் அளவு, டெர்மினலிலிருந்து 18 அங்குலத்துக்குள். அதாவது 45 சென்டிமீட்டர். அது அதிகபட்சம்தான், 15 சென்டிமீட்டரில் முடிந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் டெர்மினலுக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் துண்டுக்கு எந்தக் காவலும் கிடையாது.

பின் பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் வயருக்கு மூன்றாவதாக ஒரு ஃபியூஸ் வேண்டும். "பின்னாடிதான் ஒண்ணு போட்டாச்சே" என்று இங்கே பலர் குழம்புகிறார்கள். முன்னால் சொன்னது பேட்டரிகளை இணைக்கும் வயருக்கு, இது ஆம்ப் வயருக்கு. ஆம்பின் உடம்பிலேயே குத்தியிருக்கும் ஃபியூஸ்கள் ஆம்புக்குள் ஏதாவது ஆனால் காப்பாற்றும். வழியில் வயர் தேய்ந்தால் அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

எர்த் வயருக்கு ஃபியூஸ் போட வேண்டாம். ஆனால் பாசிட்டிவ் வயர் எவ்வளவு தடிமனோ அதே தடிமனில், பெயின்ட்டைச் சுரண்டி, தகட்டோடு நேராகப் படியும்படி போல்ட் போட்டு முறுக்க வேண்டும்.

எத்தனை ஆம்பியர்

ஆம்பின் வாட்டைப் பார்த்து ஃபியூஸ் வாங்குகிறவர்கள்தான் அதிகம். 1000 வாட் கிளாஸ் டி (Class D) ஆம்ப் 80 சதவீதத் திறனில் 13.8 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். எனவே 100 ஆம்பியர் ஃபியூஸ் என்று முடிவு செய்கிறார்கள். இதில் வயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த 100 ஆம்பியரை 10 சதுர மில்லிமீட்டர் வயரில் மாட்டினால் ஃபியூஸ் அறுவதற்கு முன்பே வயர் வெந்துவிடும். ஆம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வைத்து வயரைத் தேர்ந்தெடுங்கள். வயர் எவ்வளவு தாங்கும் என்பதை வைத்து ஃபியூஸைத் தேர்ந்தெடுங்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகள் கொஞ்சம் அடக்கமானவைதான். சுத்தத் தாமிரத்தில் 16 சதுர மில்லிமீட்டருக்கு 80 ஆம்பியர், 25-க்கு 125, 35-க்கு 150, 50-க்கு 200 அல்லது 250. இதற்கு மேல் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் மதியம் நிறுத்தி வைத்த வண்டியின் கார்ப்பெட்டுக்கு அடியில் அந்த வயர் ஏற்கெனவே சூடேறித்தான் கிடக்கும். தாமிரம் பூசிய அலுமினியம் என்றால் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், 25-க்கு 80 போதும். அதன் கடத்தும் திறன் தாமிரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு.

வோல்ட்டேஜ் இறக்கத்தையும் இதோடு பார்த்துவிடலாம். 5 மீட்டர் ஓடும் 25 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் 100 ஆம்பியர் போனால் 0.34 வோல்ட் இறங்கும். 16 என்றால் 0.54. அரை வோல்ட்டை வழியிலேயே தொலைத்துவிட்டு, பாஸ் (அடித்தொனி) வரவில்லை என்று இரண்டாவது பேட்டரி வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயரை மாற்றியிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். என்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர்தான். இரண்டாவது பேட்டரி நிஜமாகவே உதவுவது, என்ஜினை அணைத்துவிட்டு நிறைய நேரம் பாட்டு கேட்பவர்களுக்கு.

100 ஆம்பியர் ஃபியூஸ் 101-ல் அறுந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். 120, 130-ஐ வெகுநேரம் தாங்கும். இரண்டு மடங்கு போனால்தான் விநாடிக் கணக்கில் அறும். ஒரு படி பெரிதாகவே போட்டு வைப்போம், அடிக்கடி போகாமல் இருக்கும் என்று நினைப்பது அதனால்தான் ஆபத்து.

எந்த வகை

நம் ஊர்க் கடைகளில் கிட்டோடு வருவது பெரும்பாலும் ஏஜியு என்கிற தடித்த கண்ணாடிக் குழாய் ஃபியூஸ். இரண்டாவது பேட்டரிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரு முனையிலும் வெறும் கிளிப் பிடிப்புதான், குண்டும் குழியுமான சாலையில் ஆடி ஆடித் தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடு. ஒரு வண்டியில் கழற்றிப் பார்த்தபோது ஃபியூஸின் கம்பி அப்படியே முழுசாக இருந்தது, அதைப் பிடித்திருந்த ஹோல்டர் மட்டும் தேநீர் நிறத்தில் பழுத்து வளைந்திருந்தது. சிறிய ஆம்புக்கு, 50, 60 ஆம்பியர் வரை ஓட்டிக்கொள்ளலாம்.

ஏஎன்எல் என்பது போல்ட் போட்டு முறுக்கும் தட்டை ஃபியூஸ். பெரும்பாலானவர்களுக்கு என் பதில் இதுதான். பிடிப்பு உறுதி, அறுந்ததா இல்லையா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும், 50 முதல் 300 ஆம்பியர் வரை எளிதில் கிடைக்கும். நல்ல தயாரிப்பாளரின் ஏஎன்எல் 32 வோல்ட்டில் 6,000 ஆம்பியர் ஷார்ட்டையும் பத்திரமாக வெட்டும். இந்த எண்ணைப் பற்றி விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பேசுவதே இல்லை, ஆனால் முக்கியமானது. ஃபியூஸ் அறுந்த இடைவெளியில் தீப்பொறி பாலம் கட்டி மின்சாரம் தொடர்ந்து ஓடலாம். அது நடக்காமல் எவ்வளவு பெரிய ஷார்ட்டை அந்த ஃபியூஸால் வெட்ட முடியும் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. இரண்டு சாதாரண ஈய பேட்டரிக்கு 6,000 தாராளம். தங்க முலாம் பூசி, எந்த எண்ணும் அச்சிடாமல் மலிவாக வருபவற்றில் இதை நம்ப வழியில்லை. ஸ்டீரியோவுக்கு அவ்வளவு செலவழித்துவிட்டு இங்கே மட்டும் நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எம்ஆர்பிஎஃப் என்றொரு வகை இருக்கிறது. சிறிய சதுரக் கட்டி, பேட்டரி டெர்மினலின் மேலேயே போல்ட்டில் உட்கார்ந்துவிடும். காவலில்லாத வயரின் நீளம் ஏறக்குறைய பூஜ்ஜியம். 14 வோல்ட்டில் 10,000 ஆம்பியர் வரை வெட்டும். பின் பேட்டரிக்கு எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ ஹோல்டரைத் தனியாகத் திருகி வைக்க இடம் இருக்காது. சிரமம் என்னவென்றால் நம் வண்டிகளின் உருண்டை டெர்மினலில் நேராக உட்காராது, போல்ட் உள்ள கிளாம்ப் வாங்க வேண்டும். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கடைகளில் நான் பார்த்ததில்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன். கூடவே இரண்டு உபரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நடுவழியில் போனால் பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்காது.

சர்க்கியூட் பிரேக்கர் பார்க்க வசதியாக இருக்கும். ட்ரிப் ஆனால் நெம்பினால் போதும், ஃபியூஸ் வாங்க வேண்டாம். ஆனால் மலிவானவை என்ஜின் சூட்டுக்கே ட்ரிப் ஆகும், அல்லது ஆக வேண்டிய நேரத்தில் ஆகாது. ட்ரிப் ஆகித் தானாகவே திரும்பச் சேர்ந்துகொள்ளும் வகையை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. வயர் பாடியில் ஒட்டிக் கிடக்கும்போது அது விட்டு விட்டு மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். பின் பேட்டரியைச் சட்டென்று துண்டிக்க ஒரு சுவிட்ச் மாதிரி, ஃபியூஸோடு கூடுதலாக, நல்ல பிரேக்கர் ஒன்றை வைக்கலாம். அன்று பென்னாகரத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் ஸ்பேனர் தேடிய நேரம் மிச்சமாகியிருக்கும். ஃபியூஸுக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

லித்தியம் பேட்டரி வைக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. அதன் உள்தடை மிகக் குறைவு, ஷார்ட்டில் பாயும் மின்சாரம் ஈய பேட்டரியைவிடப் பல மடங்கு போகலாம். அங்கே 20,000 ஆம்பியர் வெட்டும் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ், குறைந்தது எம்ஆர்பிஎஃப். அதை முன் பேட்டரியோடு நேரடியாக இணைக்கவும் கூடாது, இரண்டுக்கும் சார்ஜ் வோல்ட்டேஜ் ஒத்துப்போகாது.

நேராகவா, ரிலே வைத்தா, சார்ஜர் வைத்தா

இந்த முடிவு ஃபியூஸையும் பாதிக்கும், அதனால் தனியாகச் சொல்கிறேன். இரண்டு பேட்டரியையும் நேராக இணைப்பது மலிவு. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்டர் மோட்டார் பின் பேட்டரியிலிருந்தும் இழுக்கும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் காலையில் டீசல் வண்டியை ஸ்டார்ட் செய்கிறவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டு மூன்று விநாடி எவ்வளவு கடினமான வேலை என்று. அதில் ஒரு பெரிய பங்கு உங்கள் ஆடியோ ஃபியூஸ் வழியாக ஓடும். ஒரு நாளில் போகாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்து ஒரு நாள் காரணமே இல்லாத மாதிரி அறும். அதோடு இரவெல்லாம் பாட்டு கேட்டால் இரண்டு பேட்டரியும் சேர்ந்து இறங்கிவிடும், காலையில் வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

வோல்ட்டேஜ் பார்த்துத் தானாகச் சேரும் ரிலே, அதாவது தானியங்கி சுவிட்ச், நல்ல நடுவழி. ஆல்டர்னேட்டர் ஓடி 13.3 வோல்ட்டைத் தாண்டினால் சேரும், 12.8-க்குக் கீழே வந்தால் பிரியும். ஒவ்வொரு தயாரிப்பிலும் இந்த எண்கள் சற்று மாறும். செல்ஃப் அடிக்கும்போது பின் பேட்டரி பிரிந்திருக்கும். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் கேட்டிருக்கிறேன்: ரிலே பிரிந்திருந்தால் வயரில் மின்சாரம் இருக்காது, அதனால் ஒரு ஃபியூஸ் போதும் என்று. ரிலே பிரிந்திருந்தாலும் அதன் ஒரு பக்க வயர் முன் பேட்டரியிலும் மறுபக்க வயர் பின் பேட்டரியிலும் உயிரோடுதான் இருக்கிறது. இரண்டு ஃபியூஸும் வேண்டும். ரிலே தாங்கும் ஆம்பியர், ஃபியூஸின் ஆம்பியரைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் ஃபியூஸ் போவதற்கு முன் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பேட்டரிக்கும் வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்கும்போது சேர்ந்தால் எவ்வளவு பாயும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பேட்டரி ஒவ்வொன்றுக்கும் 8 மில்லி ஓம், வயருக்கு 4, மொத்தம் 20 மில்லி ஓம். ஒரு வோல்ட் வித்தியாசத்துக்கு 50 ஆம்பியர். 125 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு அசையாது. ஆனால் பின் பேட்டரி அடியோடு இறங்கிக் கிடந்தால் வண்டியில் சேர்க்காமல் வெளியில் சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, பேட்டரிக்கு பேட்டரி சார்ஜர், அதாவது டிசி டிசி சார்ஜர். புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும். அங்கே வோல்ட்டேஜ் ரிலே குழம்பிப்போய்ச் சேர்வதும் பிரிவதுமாக இருக்கும். லித்தியத்துக்கும் இந்த வண்டிகளுக்கும் சார்ஜர்தான் சரி. 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் முன்னாலிருந்து இழுப்பது அதைவிடக் கொஞ்சம்தான் கூடும், எனவே முன்னாலிருந்து வரும் வயர் 10 சதுர மில்லிமீட்டர், இரு முனையிலும் 50 ஆம்பியர் என்று எல்லாம் சிறிதாகிவிடும். வண்டிக்குள் நீளமாக ஓடும் வயர் சிறிய ஃபியூஸின் காவலில் இருப்பது பெரிய நிம்மதி. பின் பேட்டரியிலிருந்து ஆம்ப் வரை மட்டும் குட்டையாகத் தடித்த வயர். விலை அதிகம், அது ஒன்றுதான் குறை.

தம்பியின் வேனுக்கு என்ன செய்தோம்

பழைய வயரை முழுக்கப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓசூருக்குப் போனோம். சிப்காட்டை நம்பி நடக்கும் ஹார்டுவேர் கடைகளில் தாமிர வெல்டிங் கேபிள் மீட்டர் கணக்கில் கிடைக்கும், கூடவே வயர் முனையில் மாட்டும் லக்கும் அதை அழுத்திப் பிடிக்க வைக்கும் கிரிம்ப் கருவியும். 25 சதுர மில்லிமீட்டர், சூடும் எண்ணெயும் தாங்கும் எச்ஓஎஃப்ஆர் உறை போட்டது. வாங்கும் முன் முனையை வெட்டிக் கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளேயும் சிவப்பாக இருந்தால்தான் தாமிரம், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

முன்னால் பேட்டரியிலிருந்து 20 சென்டிமீட்டரில் 125 ஆம்பியர் ஏஎன்எல். அதன் பக்கத்திலேயே 140 ஆம்பியர் வோல்ட்டேஜ் ரிலே. பின் பேட்டரியின் டெர்மினல் மேலேயே 125 ஆம்பியர் எம்ஆர்பிஎஃப். ஆம்புக்குத் தனியாக, அதே தடிமன் வயரில் 100 ஆம்பியர் ஏஎன்எல். அவன் வேன் பழைய மாடல், ஆல்டர்னேட்டர் நிலையாக 14 வோல்ட்டுக்கு மேல் தருகிறது. அதனால் சார்ஜர் தேவைப்படவில்லை. பின் பேட்டரி ஆட்களோடு உள்ளேயே இருப்பதால், ஆசிட் சிந்தாத, சாதாரணமாக வாயு வெளியே விடாத ஏஜிஎம் வகை பேட்டரி வாங்கினோம். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியே விடும், சீட்டுக்கு அடியில் அதற்கு இடமில்லை.

என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டைத் தாண்டும் இடத்தில், வயர் உரசாமல் இருக்க ரப்பர் கிராமட் (வளையம்). சீட் ரெயில் பக்கமே போகாமல், கதவு வாசலோரம் நெளிவுக் குழாய்க்குள் வயரை ஓட்டி, முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப். வேலை முடியும்வரை எந்த ஹோல்டரிலும் ஃபியூஸ் போடவில்லை. கடைசியாக மல்டிமீட்டரில் வயருக்கும் பாடிக்கும் நடுவே தொடர்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பின் ஃபியூஸ், பிறகு முன் ஃபியூஸ் என்று மாட்டினோம். அரை மணி நேரம் நன்றாகப் பாட்டு ஓடவிட்டு ஒவ்வொரு ஹோல்டரையும் கையால் தொட்டுப் பார்த்தேன். ஆம்ப் பக்கத்து ஹோல்டரில் ஒரு திருகு கொஞ்சம் இளகியிருந்தது, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. இறுக்கினோம். இப்போது ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் தம்பி எல்லாத் திருகையும் ஒரு சுற்று பார்த்துவிடுகிறான். பத்தாம் நம்பர் ஸ்பேனர் பின் பேட்டரியின் மூடியிலேயே ரப்பர் பேண்டில் கட்டிக் கிடக்கிறது, பக்கத்தில் உபரி ஃபியூஸ் இரண்டு.